நாலாவது நாள்

குதிரை விளையாட்டுகளிலேயே கொஞ்சம் கிறுக்குப் பிடித்தது ஈவென்டிங். முதல் நாள் மணல் திடலில் அடக்க ஒடுக்கமாக நடை காட்ட வேண்டும். மறுநாள் காடு மேடெல்லாம் பாய்ந்து மரக்கட்டை, பள்ளம், தண்ணீர் எல்லாம் தாண்ட வேண்டும். மூன்றாம் நாள், லேசாகத் தட்டினாலே விழுகிற வண்ணக் கம்புகள். மூன்றுக்கும் அதே குதிரை, அதே ஆள்.

பல் டாக்டர் கதிரேசனுக்கு ஐம்பது வயதில் இந்த ஆசை வந்தது. ஊட்டியில் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஜெபசீலி, வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். சேர்ந்த அன்றே டாக்டர் கேட்டார்:

"மேடம், மூணுல எந்த நாள் கஷ்டம்?"

"நாலாவது நாள் சார்."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டார்.

முதல் போட்டி. இரண்டு நாள் முடிந்தபோது, நம்ப மாட்டீர்கள், மனுஷன் முதலிடத்தில்! "கோப்பையோடதான் வருவேன்" என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் கம்பு தாண்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. குதிரையைக் கையில் பிடித்துக் கூடவே ஓட வேண்டும். நொண்டுகிறதா என்று கால்நடை மருத்துவர் பார்ப்பார். அதற்குப் போகும் முன், லாயத்து வாசலில் தன் குதிரை மைனாவை ஓட்டிப் பார்த்தார் கதிரேசன்.

"நல்லாத்தானே ஓடுறா?"

"கடிவாளத்தை இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க. லூசா விடுங்க" என்றார் ஜெபசீலி.

விட்டார். இடது முன்னங்காலை ஊன்றும்போதெல்லாம் மைனாவின் தலை எகிறியது. கால் வலிக்கிறது. கதிரேசன் முகம் செத்துப்போயிற்று.

"இறுக்கிப் பிடிச்சே ஓடினா தெரியாதுல்ல?"

"தெரியாமலும் போகலாம்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"கடிவாளம் உங்க கையில இருக்கு சார்."

மைனாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். கண் கலங்கியது. அப்புறம் நேராகப் போய், போட்டியிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்தார். கோப்பையை வேறு யாரோ வாங்கினார்கள். மைக்கில் அந்தப் பெயர் கேட்டபோது, இவர் மைனாவின் காலுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை லாயத்துக்குப் போனார். செருப்புச் சத்தம் கேட்டதுமே மைனா கனைத்தது. கழுத்தை நீட்டி அவர் சட்டையில் மூஞ்சியைத் தேய்த்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அடடே, என்னைத் தேடியிருக்கா மேடம் இவ!"

ஜெபசீலி கொள்ளு வாளியை அவர் கையில் கொடுத்தார்.

"இன்னைக்குத்தான் சார் நாலாவது நாள். மார்க் போடுறது அவ."