அத்தை பாட்டில் மிக்ஸி

சுரண்டையில் கொம்பையாவின் ஒலிப்பதிவுக் கூடத்தைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்தவர் யாரும் இரண்டாம் முறை போனதும் கிடையாது.

"பதிவு நடக்கையில மிக்ஸி போடாத" என்று ஒருநாள் அவன் கத்தப்போய், பெண்டாட்டி செல்லக்கனி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாமியார் இசக்கியம்மாள் ஒரு நிபந்தனை வைத்தாள். தான் பாடிக் கொடுத்த அம்மன் பாட்டைச் சுத்தமாக சிடியில் போட்டுத் தந்தால் மகளை அனுப்புவாள். ஆறு வாரமாகத் தன் கைச்சமையலையே தின்றுகொண்டிருந்த கொம்பையாவுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

மதுரையிலிருந்த ஒலி நிபுணர் ஒருவரை போனில் பிடித்தான். அவர் பொறுமையாகச் சொன்னார்: "பாட்டோட டிஜிட்டல் பதிவு இருபத்துநாலு பிட்டுல இருக்கு. சிடிக்குப் பதினாறா வெட்டணும். சும்மா வெட்டினா, பாட்டு தேஞ்சு அடங்குற இடத்துல கரகரங்கும். அதனால முதல்ல லேசா இரைச்சல் சேருங்க. அந்த இரைச்சலையும் காதுக்கு எட்டாத பக்கமாத் தள்ளிவிட்டுருங்க. அப்புறம் வெட்டுங்க."

உதவியாளர்கள் உலகுவும் மந்திரமும் கொம்பையாவோடு உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நல்ல பாட்டுல எதுக்குண்ணே இரைச்சல்?" என்றான் உலகு.

"பாயசத்துல ஒரு கல்லு உப்பு போடுதாகல்லா, அந்த மாதிரிலே" என்றான் கொம்பையா.

இரைச்சலுக்குச் செல்லக்கனியின் மிக்ஸி வந்தது. 'லேசா' என்று சொன்னதால் ஒன்றாம் நம்பரில் வைத்தார்கள். காதுக்கு எட்டாத பக்கம் தேடி, உலகு அதைத் தூக்கிக்கொண்டு வயர் நீளும்வரை தெருவில் நடந்தான். தெருவே வெளியே வந்து பார்த்தது.

கொம்பையாவுக்குத் திடீரென்று மூளை வேலை செய்தது. "பதிவு அறைக்குள்ள தள்ளுங்கலே! உள்ள ஆனை பிளிறினாலும் வெளிய கேக்காது."

தள்ளினார்கள். பாட்டோடு சேர வேண்டுமே என்று உள்ளே மைக்கையும் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, அதில் காதை வைத்தார்கள்.

"கேக்கா?"

"ஒரு பொட்டு கேக்கலண்ணே" என்றான் மந்திரம்.

கொம்பையாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

இனி வெட்ட வேண்டியதுதான். பிட்டு என்றால் பாட்டின் அடிதானே என்று எண்ணிப் பார்த்தால், சரியாக இருபத்துநாலு அடி. கடைசி எட்டை வெட்டி எறிந்தார்கள். அவையெல்லாம் அம்மனின் நகையைப் பாடும் அடிகள். ஒட்டியாணம், வளையல், கொலுசு எல்லாம் போய் அம்மன் வெறும் மூக்குத்தியோடு நின்றாள்.

மறுநாள் மாமியார் வீட்டில் சிடி ஓடியது. மிக்ஸி முதலிலிருந்து கடைசிவரை முழங்கியது. இசக்கியம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள். மூன்று பேரும் கைகட்டி நின்றார்கள்.

"உள்ளதச் சொல்லுதேன் மாப்ள" என்றாள். "மிக்ஸி சுதி பிசகாம நிக்கி. நாந்தான் ரெண்டு மூணு எடத்துல வெலகிட்டேன். திருப்பிப் பாடுதேன். ஏட்டி செல்லக்கனி, பெட்டியக் கட்டு. மிக்ஸி போட ஒன்ன விட்டா ஆளு யாரு?"

கொம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. உலகுதான் தயங்கித் தயங்கிக் கேட்டான். "பெரியம்மா, தேங்கா போட்டு ஓட்டணுமா, போடாமலா?"

இசக்கியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மன் பாட்டுலே. தேங்கா இல்லாமலா?"