தேக்கு சொன்ன பொய்

அந்தக் காலத்தில் மரங்கள் பேசும். மரத்துக்கு வாய் ஏது என்று கேட்பீர்கள். இலைக்கு அடியில்தான் இருக்கிறது. ஒரு வாய் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் வாய்கள். அவை இன்றும் அங்கேயேதான் இருக்கின்றன. பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

பேசுவது போக அந்த வாய்களுக்கு வேறு வேலைகளும் உண்டு. கீழிருந்து வரும் புகையை அவை குடித்தன. வேர் உறிஞ்சிய தண்ணீரை ஈர மூச்சாக மேலே விட்டன. புகை வானத்தில் சேராததால் வெயில் அளவோடு அடித்தது. ஈர மூச்சின் வாசம் பிடித்து மேகங்கள் காட்டுக்கு வந்தன.

மலையடிவாரத்தில் தேன் எடுத்துப் பிழைக்கும் ஒரு கூட்டம் இருந்தது. அடுப்பு மூட்டினாலும் தேனெடுக்கப் பந்தம் கொளுத்தினாலும் முதலில் பக்கத்து மரத்தை விரல் முட்டியால் தட்டுவார்கள். "அண்ணே, புகை வருது" என்பார்கள். "வரட்டும்" என்று மரம் சொன்ன பிறகுதான் தீ வைப்பார்கள். மரம் வாய் திறக்காவிட்டால் அன்றைக்குப் பழமும் தேனும்தான் சாப்பாடு.

அந்தக் கூட்டத்தில் மாசணி என்று ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. அவள் குடிசை ஒரு சுனைக்கரையில் இருந்தது. சுனைக்கு ஒரு பக்கம் தேக்கு, மறுபக்கம் நாவல்.

தேக்குக்கு முறம் முறமாய் இலை. அந்தப் பெருமையைச் சொல்லி மாளாது. "ஊர்ப் புகை முழுக்க வந்தாலும் எனக்கு ஒரு வாய்க்குக் காணாது" என்று சொல்லிவிட்டு, நாவலைப் பார்த்து, "உன் இலையை வைத்துக்கொண்டு கொசுவுக்குக்கூட விசிற முடியாது" என்று சிரிக்கும். நாவல் பதில் சொல்லாது. அதற்குப் பழம் பழுக்கிற வேலையே தலைக்கு மேல் இருந்தது.

ஒரு வருஷம் மழை தப்பியது. அடுத்த வருஷமும் வரவில்லை.

வாயைத் திறந்தால் உடம்பில் இருக்கிற தண்ணீர் ஓடிப்போகும், மூடினால் புகை குடிக்க முடியாது. தேக்கு மூடிக்கொண்டது. உயிர் பிழைக்க மூடியதைக் குற்றம் சொல்ல முடியாது. அதை வெளியில் சொல்லாமல் விட்டதுதான் குற்றம். ஒரே ஓர் இலையை மட்டும் பேசுவதற்காகத் திறந்து வைத்துக்கொண்டு, யார் வந்து தட்டினாலும் "வரட்டும், வரட்டும்" என்றது.

அதை நம்பி அடுப்புகள் எரிந்தன. குடிக்க ஆளில்லாத புகை வானத்தில் போய்த் தங்கியது. வெயில் இன்னும் ஏறியது. மேகங்கள் மலை உச்சிவரை வந்து, ஈர வாசம் இல்லாமல் திரும்பிப் போயின. மேட்டில் நின்ற வாகை காய்ந்து செத்தது. அது உளுத்து உதிர்ந்தபோது, பிறந்த நாளிலிருந்து குடித்து வைத்திருந்த புகையெல்லாம் வெளியே வந்துவிட்டது. சூடு மேலும் கூடியது.

தண்ணீர் மொள்ளச் சுனையில் தேங்காய்ச் சிரட்டையை விட்டால் பாறை கரகரத்தது. மாசணியின் கணவன் கொம்பையன் சொன்னான்: "விடிஞ்சதும் கெளம்பிருவோம். வேற காடு தேடிப் போவோம்."

"இந்த வெயில்ல பச்சப்புள்ளயத் தூக்கிட்டா? வழியில சொட்டுத் தண்ணி கெடையாது. புள்ள தாங்குமா?"

"இங்க இருந்தா மட்டும்?" என்றான் அவன்.

வழிக்குக் கிழங்கு சுட்டுக்கொள்ளலாம் என்று மாசணி தேக்கைத் தட்டினாள். "வரட்டும்" என்றது. தீ மூட்டினாள். இடுப்பில் இருந்த குழந்தை இருமியது. அண்ணாந்து பார்த்தாள். புகை இலைகளுக்கு அடியிலேயே சுற்றிச் சுற்றி நின்றது, கொஞ்சமும் குறையவில்லை.

அவள் மண்ணை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்தாள்.

"அண்ணே, நீ குடிக்கிறியா இல்லையா? எம்புள்ள மேல சத்தியமாச் சொல்லு."

குழந்தை மேல் பொய்ச் சத்தியம் செய்யத் தேக்குக்கு மனசு வரவில்லை. "இல்ல தங்கச்சி. மழை தப்பினப்பவே வாய மூடிட்டேன்."

"அப்புறம் எதுக்கு வரட்டும் வரட்டும்னே?"

"காட்டுலயே பெரிய வாய் எனக்குத்தான்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே. முடியலன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"சொல்லியிருந்தா அடுப்ப அணைச்சிருப்போம்ல? ஒன்ன நம்பித்தானே அண்ணே தீய வச்சோம்!" மாசணி அழுதுவிட்டாள்.

அதுவரை வாயே திறக்காத நாவல் மெதுவாகச் சொன்னது: "வாய மூடினாலும் இவ்வளவு பெரிய இலையில தண்ணி கசியத்தான் செய்யுதுண்ணே. சுனைத்தண்ணி பூரா ஒங்கிட்டயே வருது, என் வேருக்கு எட்டல. நானும் செத்தா மேகத்தக் கூப்பிட ஆளில்ல."

வெட்கம் வேரிலிருந்து கொழுந்துவரை செக்கச்செவேலென்று ஏறியது தேக்குக்கு. இலையைத் தவிர அதற்கு வேறு சொத்து கிடையாது. தன்னைத் தானே உலுக்கிக்கொண்டது. அப்பளம் நொறுங்குவது போலச் சடசடவென்று இலைகள் விழுந்தன. பேசும் இலை மட்டும் மிச்சம் இருந்தது.

"இனிமே என்னையத் தட்டிக் கேக்காத தங்கச்சி. நான் மொட்டையா நின்னா, என்னால முடியலேன்னு அர்த்தம். தீ வைக்காதீங்க." சொல்லி முடித்ததும் அந்த இலையும் விழுந்தது.

கொம்பையன் மூட்டையைக் கீழே வைத்தான். கூட்டம் எல்லா அடுப்புகளையும் அணைத்தது. விழுந்த இலைகளைச் சுனையைச் சுற்றிப் பரப்பி மண்ணின் ஈரத்தைக் காத்தார்கள். தேக்கு குடிப்பதை நிறுத்தியதால் சுனையில் மெல்லத் தண்ணீர் கசிந்தது. முதல் சிரட்டை குழந்தைக்குப் போனது. நாவலின் வேருக்கும் எட்டியது. அந்தச் சின்ன இலைகள் கொஞ்சம் கொஞ்சமாய் மூச்சு விட்டன. ஒரு சாயங்காலம், வழி தவறியது போல ஒற்றை மேகம் வந்து சுனைக்கு மேலே நின்றது. மற்ற மேகங்களும் பின்னாலேயே வந்தன.

மழையில் தேக்கு துளிர்த்தது. மாசணி ஓடிப்போய், "அண்ணே!" என்று தட்டினாள். பதில் இல்லை. நிலுவையில் கிடந்த புகையைக் குடிக்கவே அதன் வாய்கள் எல்லாம் சரியாய்ப் போய்விட்டன. பேச ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. மற்ற மரங்களும் அப்படியே பேச்சை விட்டன. அவள் ஒரு கொழுந்தை ஆசையாய்க் கையில் வைத்துக் கசக்கினாள். உள்ளங்கை சிவந்துபோனது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அன்று முதல்தான் தேக்கு, கோடை வருமுன்னே தன் இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாய் நிற்கிறது. மரம் பட்டுப்போச்சு என்கிறார்கள் பார்க்கிறவர்கள். அது உயிரோடுதான் இருக்கிறது, உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் அடியிலேயே நின்று பீடி பற்றவைக்கிறவனுக்குத்தான் கேட்கவில்லை.