சூனியக்காரிக்குப் பசித்தது

செண்பகம் மதுரையில் ஃபேண்டஸி நாவல்கள் எழுதி, தானே பதிப்பித்து வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சகத்தின் மாடியில் எழுதவும் கற்றுக்கொடுப்பார். அங்கே வந்தவர்களில் வேதமுத்துதான் மூத்தவர். ஆசிரியரைவிடவும் பத்து வயது பெரியவர். மின்வாரியத்தில் வேலை.

அவரோடு ஒரே நாளில் சேர்ந்தவள் நிறைமதி. அவளுடைய முதல் நாவலைச் செண்பகமே வெளியிட்டார். விழாவில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் வேதமுத்து. வீட்டுக்கு வந்ததும், அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதியை பீரோவுக்கு மேலே பழைய சூட்கேசுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

அடுத்த ஞாயிறு, வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு, தன் நாவலை மேசைமேல் வைத்தார். செண்பகம் முன்பே திருப்பிக் கொடுத்த நாவல்தான். புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்திருந்தார்.

“இதையும் வேண்டாம்னுட்டா இனிமே நான் வரல டீச்சர்.”

“என்னண்ணே, கோபமா?”

“கோபம் இல்ல. வயித்தெரிச்சல். அந்தப் பிள்ளை பேரைக் கேட்டாலே எரியுது. நான் ஏழு உலகம் படைச்சேன். ஒவ்வொண்ணுக்கும் தனி பாஷை, தனி மேப்பு. அவ ஒரே ஒரு தெருவை வச்சு எழுதிட்டா. அதைப் போய்க் கொண்டாடுறீங்க. இந்த எரிச்சலோட நான் எப்படி எழுதுறது?”

செண்பகம் புது அத்தியாயத்தை எடுத்துப் படித்தார்.

அதில் ஒரு சூனியக்காரி. அடுத்தவர் நிழலைத் திருடித் தான் போர்த்திக்கொள்பவள். பேசுவதற்கு முன் காது மடலை இழுத்துவிட்டுக்கொள்வாள். யாராவது புகழ்ந்தால் உடனே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள்.

செண்பகம் நிமிர்ந்தார்.

“இது நிறைமதிதானே?”

வேதமுத்துவின் முகம் கறுத்தது. “ஆமா. கடைசியில எரிச்சுக் கொல்லணும்னுதான் எழுத உட்கார்ந்தேன்.”

“கொல்லலையே.”

“முடியல.”

“மந்திரத்தைப் பாதியில நிறுத்திட்டு, மறைவாப் போய் ரொட்டி திங்கிறாளே. அது?”

“அந்தப் பிள்ளை சாப்பிடாமதான் வகுப்புக்கு வரும். பன் வாங்கிப் பையில வச்சிருக்கும். கவர் சத்தம் கேட்டுடும்னு துப்பட்டாவுக்குள்ள வச்சுப் பிரிக்கும்.”

“நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே.”

“நான் அந்தப் பிள்ளையத்தான பார்த்துக்கிட்டே இருந்தேன்.” சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செண்பகம் அந்த அத்தியாயத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். மீதித் தாள்களை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இதை நான் அச்சுக்கு எடுத்துக்கறேன். அதை வீட்டுக்குக் கொண்டு போங்க.”

“அதுல என்ன குறை டீச்சர்?”

“ராஜா, தளபதி, ராட்சசன்னு ஏகப்பட்ட பேர் இருக்காங்க அதுல. அவங்க மேலயும் கொஞ்சம் பொறாமைப்பட்டுட்டு வாங்கண்ணே.”