இமை இல்லாத பேய்

இன்னொரு தடவை எழுந்து போனே, அந்த மேசையையே தூக்கிட்டு வந்து உன் தலைமாட்டுல வெச்சிடுவேன். நீ பண்ணின பேய் வீடு எங்கயும் ஓடிப் போகாது. பசை இன்னும் ஈரமா இருக்கு, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா எப்படிக் காயும்? ஹாலோவீன் நாளைக்குத்தான், நீ எட்டி எட்டிப் பார்க்கிறதால இன்னிக்கே வந்துடாது. வா, அத்தை கை மேல தலையை வை. காலை ஆட்டாதே. கதை சொல்றேன், நீ "ம்" சொல்லணும். "ம்" வரலேன்னா கதை நின்னுடும்.

ஒரு ஊர்ல ஒரு சும்மா இருக்கத் தெரியாத பொண்ணு இருந்தா. பேரு சிந்தாமணி. உக்காருன்னா நிப்பா, நில்லுன்னா ஓடுவா, சோத்துத் தட்டை எடுத்துக்கிட்டு வீடு பூரா சுத்துவா. உன்னை மாதிரின்னு நான் சொல்லல, நீயா நினைச்சுக்கிட்டா நான் என்ன பண்றது. அவ அம்மா மங்களத்துக்கு கொலு பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற வேலை. ரெண்டு பேரும் அப்போதான் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்துல கீழ்வீட்டுக்குக் குடி வந்திருந்தாங்க. புது இடம். சிந்தாமணிக்கு ஒரு கூட்டாளி கிடையாது. மாடி மாடியா ஏறுவா, யாராவது விளையாடிக்கிட்டிருந்தா கிட்டப் போய் நிப்பா. ஒருத்தரும் வான்னு கூப்பிட மாட்டாங்க. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு இறங்கி வந்துடுவா. தினம் இதே வேலை. பாவமா இருக்கும்.

ம் சொல்லு. ஆங்.

அப்புறம் நவராத்திரி முடிஞ்சு, பொம்மையெல்லாம் பெட்டிக்குள்ள போய், ஹாலோவீன் வந்துச்சு. அந்தக் கட்டடத்துப் பிள்ளைங்க ஆளுக்கொரு குட்டிப் பேய் வீடு பண்ணி, விளக்கு வைக்கிற நேரத்துல கீழ ஹால்ல கொண்டு வந்து வைக்கிறதா பேச்சு. அவங்கள்ல ஆல்வின்னு ஒரு பையன், அவன்தான் உசரம், அதனால அவன்தான் தலைவன். மாடிப்படியில நின்னுக்கிட்டிருந்த சிந்தாமணியைப் பார்த்து, "நீயும் ஒரு பேய் வீடு கொண்டு வா. மணி அடிக்கும்போது வந்துடணும். வந்தா எங்க கூட சேர்த்துக்கிறோம்"னான்.

அவ்வளவுதான், இவளுக்குத் தலை கால் புரியல. தடதடதடன்னு படியிறங்கி வந்தா. அம்மா வர்ணம் வாங்கக் கடைக்குப் போயிருந்தாங்க. அவங்க வேலைக்கூடையை எடுத்து, தொபக்குன்னு தரையில கவுத்தா. ஐஸ் குச்சி சுவருக்கு ஆச்சு. வெங்காயச் சருகு கூரை ஓட்டுக்கு ஆச்சு. மிளகுக்கு நூல்ல கால் ஒட்டினா, சிலந்தி. புளியங்கொட்டைக்குக் கறுப்புக் காகிதத்துல இறக்கை வெச்சா, வவ்வால். வாசல்ல தொங்கவிட திருஷ்டிப் பூசணிக்காய் வேணுமே, அதுக்கு ஒரு காஞ்ச சுண்டைக்காயை எடுத்து, பல்லைக் காட்டுற மூஞ்சி வரைஞ்சா. நல்லாத்தான் பண்ணினா, நான் குறை சொல்லல. ஆனா ஒண்ணையும் முழுசா முடிக்கல. சுவருக்குப் பசை தடவும்போதே சிலந்திக்குப் போயிடுவா, சிலந்திக்கு ரெண்டு காலு ஒட்டினதும் வவ்வாலுக்குப் போயிடுவா.

அப்போ, வீடே நிக்காத நேரத்துல, அவளுக்குப் பேய் பண்ணணும்னு ஆசை வந்துடுச்சு. களிமண்ணைப் பஞ்சோட சேர்த்துப் பிசைஞ்சு, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பேய் பிடிச்சா. தேங்காய் நாருல தலைமுடி. கிழிஞ்ச வேட்டித் துணியில ஒரு அங்கி. கால் கிடையாது. பேய்க்கு ஏது கால்?

இங்கதான் நல்லாக் கேட்டுக்கணும். மங்களம் ஒரு பழக்கம் வெச்சிருந்தாங்க. பொம்மை முதல்ல காயணும். அப்புறம் வர்ணம். அப்புறம் அது இருக்கப் போற இடத்துல அதைக் கொண்டுபோய் வெச்சு, "இதுதான் உன் இடம், உக்காந்துக்கோ"ன்னு சொல்லணும். எல்லாம் ஆன பிறகு, கடைசியாத்தான் கண்ணு திறக்கணும். எந்தப் பொம்மைக்கும் அவங்க இதை மாத்தினதே இல்ல. சிந்தாமணிக்கும் இது நல்லாத் தெரியும். ஆனா அந்தப் பேய் மேசை மேல மொட்டை மூஞ்சியோட அவளைப் பார்க்காமயே உக்காந்திருந்துச்சு. ஏற்கெனவே அந்தக் கட்டடத்துல யாரும் அவளைப் பார்க்கிறதில்ல. இதுவுமா? அம்மாவோட மெல்லிசு பிரஷை எடுத்தா. டக். டக். ஈரக் களிமண்ணுலயே ரெண்டு கண்ணு வெச்சுட்டா.

ம்?

பேய் முழிச்சுக்கிச்சு. இப்படிப் பார்த்துச்சு, அப்படிப் பார்த்துச்சு. "எங்கே?"ன்னு கேட்டுச்சு. என்ன எங்கேன்னா இவ. "என் இடம் எங்கே?"ன்னுச்சு அது. வீட்டுக்கே இன்னும் நாலு சுவர் இல்ல, இவ எதைக் காட்டுவா? அப்போ பேய் மேசையிலிருந்து தொப்புன்னு குதிச்சுது. சுர்ர்ர்ருன்னு தரையில வழுக்கிக்கிட்டுப் போச்சு. அலமாரிக்கு அடியில "எங்கே?"ங்குது. சுர்ர்ர். தண்ணிக் குடத்துக்குப் பின்னாடி "எங்கே?"ங்குது. சுர்ர்ர். கதவு மூலையில "எங்கே?"ங்குது.

சிந்தாமணிக்கு முதல்ல ஒரே சிரிப்பு. கூடவே ஓடினா. அப்புறம்தான் தரையைப் பார்த்தா. பேய் போன வழியெல்லாம் களிமண் கோடு. அது தேய்ஞ்சுக்கிட்டே வருது. பிடிச்சுத் தூக்கிப் பார்த்தா, தோள்லேருந்து இடுப்பு வரைக்கும் விரிசல். ஈரமா இருக்கிற மண்ணு அசையாம இருந்தாத்தான் இறுகும், ஓடினா உதிரும். விளக்கு வைக்கிறதுக்குள்ள இது ஓடி ஓடியே பொடியாயிடும். அப்புறம் பேயும் இல்ல, பேய் வீடும் இல்ல, கூட்டாளியும் இல்ல.

அப்போ அவ என்ன பண்ணினா? ஒரு தீப்பெட்டிக்குள்ள பேயைப் படுக்க வெச்சு மூடினா. உள்ள டொக் டொக் டொக்குன்னு இடிச்சுது. இடிச்ச இடியில பெட்டி திறந்துக்கிச்சு, பேய் வெளிய வந்துச்சு. ஒரு கை உள்ளயே உடைஞ்சு கிடக்கு.

அப்புறம் அவசர அவசரமா நாலு சுவரை ஒட்டி, சருகுக் கூரையைப் பாதிக்கு மேய்ஞ்சு, பேயை உள்ள விட்டா. "இதான் உன் இடம், உக்காந்துக்கோ"ன்னா. சொல்லும்போதே இவ கத்திரிக்கோல் தேட ஓடிட்டா. திரும்பி வந்தா, பேய் ஜன்னல் வழியா இறங்கிக்கிட்டிருக்கு. நாரு முடி பாதி ஜன்னல்லயே மாட்டிக்கிச்சு. சுர்ர்ர். "எங்கே?"

ம் சொல்லு. கண்ணைக் கசக்காதே, கையில பசை இருக்கு.

அப்போ சிந்தாமணிக்குக் கோவம் வந்துடுச்சு. கண்ணு திறந்ததாலதானே இவ்வளவும், அதை அழிச்சுட்டாப் போச்சுன்னு ஈரத்துணியை எடுத்துக்கிட்டு வந்தா. பேயை மேசையில அமுக்கிப் பிடிச்சு, ஒரு கண்ணு மேல துணியை வெச்சு ஒரு இழுப்பு இழுத்தா. மை கலைஞ்சுது. பேய் ஓடல, கத்தல. மெதுவா, "இருட்டா இருக்கு. பயமா இருக்கு"ன்னுச்சு.

பேய்க்கே பயம்னா யார்கிட்ட போய்ச் சொல்றது? சிந்தாமணி துணியைக் கீழ போட்டுட்டா. சட்டுன்னு பிரஷை எடுத்து அந்தக் கண்ணைத் திரும்ப வரைஞ்சா. கொஞ்சம் கோணல்தான், இருந்தாலும் கண்ணு. அப்புறம் பேயைத் தூக்கி உள்ளங்கையில வெச்சுக்கிட்டா. ஒரு கை போச்சு, முடி பாதி போச்சு, அடிப்பக்கம் தேய்ஞ்சு வத்திப் போச்சு. "எங்கே?"ன்னு அது கேட்டுச்சு, முன்ன மாதிரி சத்தமா இல்ல.

கண்ணைத் திறந்ததுலேருந்து அது பார்த்தது இவளை மட்டும்தான். இவ நின்ன இடத்துல நின்னாளா? பசையைத் தேடி ஓட்டம், நூலைத் தேடி ஓட்டம். அது பார்த்ததைச் செஞ்சுது, பாவம், வேற என்ன தெரியும் அதுக்கு?

சிந்தாமணி அப்படியே தரையில சம்மணம் போட்டு உக்காந்தா. கையை மடியில வெச்சா. "இங்கதான்"னா.

பேய் உள்ளங்கையில படுத்துக்கிச்சு. ஆனா தூங்கல. கண்ணு எரியுதுன்னுச்சு. மூடேன்னா இவ. மூட முடியலன்னுச்சு அது. அப்போதான் அவளுக்கு உறைச்சுது. கண்ணு வெச்சாளே ஒழிய, இமை வெச்சாளா? பக்கத்துல எட்டுற தூரத்துல பேய் வீடு. கூரையிலேருந்து ஒரு வெங்காயச் சருகைப் பிச்சா. பல்லால கடிச்சு நகத்துணுக்கு அளவுக்கு ரெண்டு துண்டாக்கினா. பசையைத் தொட்டு, ஒத்தைக் கையாலயே, ஒரு கண்ணுக்கு ஒண்ணு. மறு கண்ணுக்கு ஒண்ணு. பேய் கொட்டாவி விட்டுச்சு. இமை ரெண்டும் இறங்குச்சு. உஸ்ஸ்... உஸ்ஸ்...னு தூங்கிடுச்சு.

இப்போ இவ அசையக் கூடாது. அசைஞ்சா விரிசல் பிளந்துடும். சும்மா இருக்கத் தெரியாத பொண்ணு சும்மா இருக்கணும்.

அப்போ ஒரு கொசு வந்துச்சு. ங்ங்ங்ங். காதைச் சுத்துச்சு, மூக்கைச் சுத்துச்சு, மூக்கு நுனியிலயே உக்காந்து கடிச்சுது. சுருக்குன்னுச்சு. சிந்தாமணி மூக்கைச் சுளிச்சா, உதட்டைக் கோணினா, கையை அசைக்கல.

அப்புறம் மேல்மாடியிலேருந்து பஜ்ஜி வாசனை. சொய்ங்ங்ங்குன்னு எண்ணெய்ச் சத்தம் வேற. ஹால்ல பிள்ளைங்களுக்குக் குடுக்கப் போடுறாங்க. வாயில எச்சில் ஊறுச்சு. முழுங்கினா. காலு மரத்துப் போய் குறுகுறுங்குது. அசைக்கல.

அப்புறம் மணி அடிச்சுது. டண். டண். டண். அந்த மணி. அவ எத்தனை ஆசையா காத்துக்கிட்டிருந்த மணி. மாடியிலேருந்து பிள்ளைங்க எல்லாம் வேஷம் போட்டுக்கிட்டு தபதபதபன்னு ஓடி வர்ற சத்தம். இப்போ எழுந்து ஓடினா அவங்களோட சேர்ந்துடலாம். பாதி வீட்டையாவது கையில எடுத்துக்கிட்டுப் போலாம். இப்போ போகலேன்னா நாளைக்கும் மாடிப்படியில நிக்க வேண்டியதுதான். ஒரு முட்டி தூக்கிக்கிச்சு, அவளுக்கே தெரியாம. கையைப் பார்த்தா. பேய், ஒடிஞ்ச தோளை அவ விரல் மேல சாய்ச்சுக்கிட்டுத் தூங்குது.

முட்டியைக் கீழ வெச்சுட்டா. கண்ணுல தண்ணி முட்டுச்சு, அதைத் துடைக்கவும் இல்ல.

ம்?

சரி, சின்ன "ம்"மா இருந்தாலும் போதும். அப்போ கதவு படார்னு திறந்துச்சு. எலும்புக்கூடு, சூனியக்காரி, கொம்பு வெச்ச ஒண்ணு, போர்வை போர்த்தின ஒண்ணு, கும்பலா உள்ள வந்து, "பேஏஏஏ, மிட்டாய் குடு, இல்லேன்னா பிடிச்சுக்குவோம்"னு ஒரே கூச்சல். வேற யாராவதா இருந்தா அலறி எழுந்திருப்பாங்க. இவ எழுந்திரிக்கல. கண்ணுல தண்ணியோட, இன்னொரு கை விரலை உதட்டுல வெச்சா.

"ஷ்ஷ். பேய் தூங்குது"ன்னா.

கூச்சல் அப்படியே நின்னுச்சு. எலும்புக்கூடு முகமூடியைக் கழட்டினான், ஆல்வின்தான் அது. குனிஞ்சு பார்த்தான். மூச்சு விடுதான்னு கிசுகிசுன்னு கேட்டான். பாருன்னா இவ. பார்த்தான். போர்வைக்குள்ள இருந்த சின்னக் குட்டியும் பார்த்துச்சு. ஏன் ஒரு கை இல்லன்னு யாரோ கேட்டாங்க, சிந்தாமணி தாழ்ந்த குரல்ல எல்லாத்தையும் சொன்னா, தான் அவசரப்பட்டுக் கண்ணு வெச்சது வரைக்கும் மறைக்காம. காயறதுக்கு இன்னும் எவ்வளவு நேரமாகும்னு ஆல்வின் கேட்டான். தெரியாது, நான் வர முடியாது, நீங்க போங்கன்னா.

அவன் போகல. சத்தம் வராம அவ பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டான். அப்புறம் சூனியக்காரி. அப்புறம் கொம்பு. அப்புறம் ஒவ்வொண்ணா எல்லாம். சின்னக் குட்டி தன் போர்வையை எடுத்து சிந்தாமணியோட மரத்துப் போன காலு மேல போர்த்துச்சு. ஹால்ல பெரியவங்க எல்லாம் பஜ்ஜி ஆறுதே, பிள்ளைங்களை எங்கே காணோம்னு தேடிக்கிட்டு வந்தாங்க. கடையிலேருந்து வந்த மங்களம், வாசல்லயே நின்னுட்டாங்க. அத்தனை பேயும் வட்டமா உக்காந்திருக்கு, நடுவுல அவங்க பொண்ணு. அவ உக்காந்திருந்ததை அவங்க அன்னிக்குத்தான் முதல்ல பார்த்தாங்க.

காஞ்சுது. நல்லா இறுகிடுச்சு. விரிசல் விரிசலாவே நின்னுடுச்சு. அப்போ பேய் ஒரு இமையைத் தூக்கி, சுத்தி உக்காந்திருந்த ஒவ்வொரு மூஞ்சியா பார்த்துச்சு. எங்கேன்னு கேக்கவே இல்ல. திரும்ப மூடிக்கிச்சு. சிந்தாமணியும் அப்புறம் மாடிப்படியில தனியா நிக்கவே இல்ல.

ம் சொல்லு.

சொல்லலையா? சரி. மேசையில உன் பேய்க்கும் ரெண்டு இமை ஒட்டியிருக்கேன், காலையில பாரு. கதையும் காஞ்சு இறுகிப் போச்சு, நீ தூங்கு. அத்தை கை உன் தலைக்கு அடியில மாட்டிக்கிச்சு, மரத்துப் போகுது. போகட்டும். நான் அசைய மாட்டேன்.