உட்கார முடியாத நாட்டின் ஓநாய்கள்

ஒரு காலத்தில், அது எந்தக் காலம் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், ரொம்பப் பழைய காலம், கரட்டுநாடு என்று ஒரு நாடு இருந்தது. நாடு முழுக்க ஆடு. ஆட்டைத் தவிர அங்கே பெரிதாக எதுவும் கிடையாது. நடுவில் பாறையும் முள்ளுமாக ஒரு கரடு, கரட்டைச் சுற்றி ஓர் ஓடை, ஓடைக்கு இந்தப் பக்கம் ஊர்கள். கரட்டில் ஓநாய்கள் இருந்தன. அவை ஓடையைத் தாண்டி வரும், ஆட்டைத் தூக்கும், போகும். ஆட்கள் திட்டுவார்கள், நாயை ஏவுவார்கள், மறுநாள் வேலையைப் பார்ப்பார்கள். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

அந்த நாட்டுக்கு ஒரு ராஜா. பெயர் மகுடேந்திரன். முகம் நிலா மாதிரி, தோள் மலை மாதிரி என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. மீசை இருந்தது. சட்டென்று கோபம் வரும். அவர் ஒரு சண்டைக் கிடாயைச் செல்லமாக வளர்த்தார். தன் கையாலேயே பேரீச்சம்பழம் ஊட்டுவார். ஒரு நாள் ஓநாய் வந்து அந்தக் கிடாயைத் தின்றுவிட்டது. கொம்பு மட்டும்தான் மிச்சம்.

"இனி இந்த நாட்டில் ஓநாயே இருக்கக் கூடாது" என்றார் ராஜா.

குடுவையன் என்ற மாயாவியைக் கூட்டி வந்தார்கள். கழுத்தில் ஒரு சுரைக்குடுவை தொங்கும், அதனால் அந்தப் பெயர். கரட்டைப் பார்க்க நின்று குடுவைக்குள் ஊதினான். முதல் தடவை ஊதினான், பறவைகள் வாயை மூடின. இரண்டாம் தடவை ஊதினான், காற்று நின்றது. மூன்றாம் தடவை ஊதினான், கரட்டில் ஓர் ஓநாய்கூட இல்லை.

அதெல்லாம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கிடா வெட்டித் தின்றார்கள். கரட்டில் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்ததால், பெரிய ஆட்டுக்காரர்கள் ஓடையைத் தாண்டிப் போய் அங்கேயே கிடை போட்டார்கள். கிடை என்றால் தெரியுமில்லையா, ஆட்டை எல்லாம் முள்ளால் பின்னிய படல் வைத்து அடைத்துத் தங்க வைக்கிற இடம்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

நாட்டில் யாராலும் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் உள்ளே பிராண்டியது. நாவிதர் நடந்துகொண்டே சவரம் செய்தார், அவர் பின்னாலேயே பாதி மீசையோடு ஆட்கள் நடந்தார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையைச் சுற்ற ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே இருந்தார்கள். கரட்டிலிருந்து மான்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிக் கேழ்வரகை மேய்ந்தன. விரட்டி ஓட எல்லாராலும் முடிந்தது. நின்று காவல் காக்க ஒருவராலும் முடியவில்லை. என்ன ஆச்சு என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "உள்ள பிராண்டுது."

எல்லாரையும்விட மோசம் சடையன். அவன் ஓடைக்கு இந்தப் பக்கமே கிடை போட்டிருந்த ஒரு சின்ன ஆட்டுக்காரன். அப்பா அம்மா இல்லை, தங்கச்சி கெங்கி மட்டும்தான். முதலில் அவன் கிடையைச் சுற்றி நடந்தான். பிறகு ஊரைச் சுற்றி நடந்தான். பிறகு நாட்டு எல்லை வரைக்கும் போய்த் திரும்பினான். காலெல்லாம் வெடிப்பு, கன்னம் ஒட்டிவிட்டது.

"எங்கண்ணே போற?"

"தெரியல புள்ள."

"எப்ப வருவ?"

"அதுவும் தெரியல. ஒரு நாள் திரும்பி வர மறந்துடுவேன்னு நினைக்கிறேன். சும்மா பயமுறுத்தல, நிஜமாத்தான் சொல்றேன்."

அன்று சாயங்காலம் அவன் கிடைக்குள் வந்தபோது ஆடுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விலகி ஓடின. அவனே வளர்த்த நாய் அவனைப் பார்த்து உறுமியது. சாய்ந்த வெயிலில் அவன் நிழல் தரையில் நீளமாகக் கிடந்தது. அந்த நிழலுக்கு இரண்டு காதுகள் கூராக நின்றன. பின்னால் ஒரு வால்.

கெங்கி ஓட்டமும் நடையுமாக மாயாவியைத் தேடிப் போனாள். குடுவையன் ஒரு பாறைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். நாட்டிலேயே உட்கார்ந்திருந்த ஒரே ஆள். பார்த்ததுமே அவளுக்கு எரிச்சல்.

"எங்கண்ணனுக்குள்ள என்ன வச்ச?"

"மரியாதையா கேளு."

"என்ன வச்சீங்க?"

"ஓநாய்" என்றான் அவன், கடலையை வாயில் போட்டபடி.

"ராசா ஓநாயை இல்லாம ஆக்கத்தான சொன்னாரு?"

"இல்லாம ஆக்குற வித்தை எனக்குத் தெரியாது. எடுத்து வேற இடத்துல வைக்கத்தான் தெரியும். எந்த இடம்னு உங்க ராசா கேக்கல. ஆளுக்கு ஒண்ணா பிரிச்சு வச்சுட்டேன்."

"அப்ப எனக்குள்ள ஏன் இல்ல?"

"உனக்குள்ளயும் இருக்கு. வந்ததுலேர்ந்து இந்தப் பாறையச் சுத்திக்கிட்டே இருக்கியே, கவனிச்சியா?"

கெங்கி கீழே பார்த்தாள். பாறையைச் சுற்றிப் புழுதியில் வட்டமாக அவள் கால்தடம்.

"எடுத்து விடுங்க சாமி."

"வச்சது நான், விட வேண்டியது நீங்க. அந்தி நேரம், ஆளைக் கரட்டைப் பாக்க உக்கார வை. கட்டிப் போட்டாலும் சரி. படலைத் திற. 'உன் இடம் உனக்கு'ன்னு சொல்லு. இறங்கிப் போகும். அது கரடு ஏறுற வரைக்கும் யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா திரும்பி வந்து அதே ஆளுக்குள்ள பூந்துக்கும். மூணு தடவைதான். மூணாவது தடவையும் திரும்பிச்சுன்னா, போறப்ப உங்கண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போயிடும். அப்புறம் நீ அழுது புண்ணியமில்ல."

"ஓநாயைப் போயி எவனாவது கூப்பிடுவானா?"

குடுவையன் சிரித்தான். கடலைத் தோல் பறந்தது.

மறுநாள் அந்தியில் கெங்கி அண்ணனைக் கிடைக்குள் உட்கார வைத்து முளைக்குச்சியில் கட்டினாள். படலைத் திறந்தாள். "உன் இடம் உனக்கு" என்றாள். போர்வை நழுவுவது போல நிழல் அவன் முதுகிலிருந்து நழுவியது. நழுவி, உதறி, நான்கு காலில் நின்றது. சாம்பல் நிற ஓநாய். கெங்கியைப் பார்த்தது, கரட்டைப் பார்த்தது, திறந்த படல் வழியாக மெதுவாக வெளியே நடந்தது.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். கரட்டுநாட்டில் பிறந்த யாரும், அந்தி நேரத்தில் ஓர் உருப்படி, அதாவது மந்தையில் ஒன்று, கிடையை விட்டு வெளியே போவதைப் பார்த்தால் திரும்பக் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். நடக்கப் பழகும் முன்பே அந்தக் கூப்பாடு நாக்கில் ஏறிவிடும். கெங்கியின் வாய் அவளைக் கேட்காமலேயே திறந்தது.

"ந்தோ... ந்தோ... ந்தோ..."

ஓநாய் நின்றது. திரும்பி வந்தது.

"போகத்தான் பாத்தேன்" என்றது. "நீதான் கூப்பிட்ட."

சடையனின் முதுகில் ஏறி உள்ளே போய்விட்டது. கெங்கி தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அந்தியில் வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு, "உன் இடம் உனக்கு" என்பதை மட்டும் சொல்ல ஒரு நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்ப அடைத்துக்கொண்டாள். ஓநாய் இறங்கியது. படலைத் தாண்டியது. ஓடையைத் தாண்டியது. அந்தக் கரையில்தான் பெத்தணன் என்ற பெரிய ஆட்டுக்காரனின் கிடை இருந்தது. தூரத்தில் ஏதோ உருப்படி தனியாகப் போவதைப் பார்த்த பெத்தணன் கை தட்டிக் கூப்பிட்டான். "ந்தோ... ந்தோ..." அவனைப் பார்த்துப் பக்கத்துக் கிடைக்காரன், அவனைப் பார்த்து அடுத்தவன். கரடு முழுக்க ஒரே ந்தோ.

ஓநாய் திரும்பி வந்து கெங்கியின் எதிரில் நின்றது.

"என் இடம் எனக்குன்னு சொன்ன. அங்க போனா உங்க ஆளுங்க இடமா கிடக்கு. பொய்தான சொன்ன?"

கேட்டுவிட்டு மறுபடி சடையனின் முதுகில் ஏறி உள்ளே போய்விட்டது. கெங்கி வாய்த் துணியை உருவி எறிந்தாள்.

அண்ணனை அவிழ்த்து விட்டதும் அவன் எழுந்து நடக்க ஆரம்பித்தான். "நாளைக்கு ஒரு நாள் இருக்கேன் புள்ள" என்றான். "அதுக்கு மேல என் கால் என் பேச்சைக் கேக்காது."

விடிந்ததும் கெங்கி அரண்மனைக்கு ஓடினாள். ராஜா சிம்மாசனத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். பின்னால் மந்திரிகள். கெங்கியும் அவர்களோடு சேர்ந்து நடந்தாள். வேறு வழி?

நடந்ததை எல்லாம் சொன்னாள். ராஜாவின் முகம் சிவந்தது.

"ஓநாயைத் திரும்பக் கரட்டில் விடச் சொல்கிறாயா? அது ஆட்டைத் தின்னும்."

"தின்னும்."

"என் கிடாயைத் தின்றது."

"தெரியும் ராசா. நல்ல கிடா."

"தெரிந்துமா கேட்கிறாய்?"

"நீங்க கடைசியா எப்ப உக்காந்து சாப்பிட்டீங்க?"

ராஜா மீசையைத் துடைத்துக்கொண்டார். "கஞ்சியைக்கூட நடந்துகொண்டேதான் குடிக்கிறேன்" என்றார் மெதுவாக. "மீசையெல்லாம் கஞ்சி."

"அதுங்க கரட்டுல இருந்தா கல்லெடுத்து எறியலாம், நாயை ஏவலாம், முள்வேலி போடலாம். உள்ள இருக்குறதை என்ன பண்ணுவீங்க? எங்கண்ணன் நாளைக்குப் போயிடுவான் ராசா. போனா வரமாட்டான். உங்க நாட்டுல ஒவ்வொருத்தரா போவாங்க."

அன்று மத்தியானமே ஊர்க்கூட்டம். கூட்டம் என்றால் எல்லாரும் நடந்துகொண்டே.

"என் கிடைய நான் எதுக்கு எடுக்கணும்?" என்று கத்தினான் பெத்தணன். "அங்க புல்லு இடுப்பளவு. இந்தப் பக்கம் என்ன இருக்கு, உன் தலையா?"

"உன் ஆடு புல்லு தின்னு கொழுத்துக் கிடக்கு மாமா. நீ எலும்பா நடந்துக்கிட்டிருக்க."

சிலர் சிரித்தார்கள். பெத்தணன் சிரிக்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் ராஜாவின் கிடையும் இருந்தது, அதுதான் பெரியது. ராஜா யாரிடமும் பேசாமல் ஓடையில் இறங்கி, அக்கரை ஏறி, தன் கையாலேயே முதல் படலைப் பிடுங்கினார். அப்புறம் பெத்தணனும் முணுமுணுத்துக்கொண்டே போனான். வெயில் சாய்வதற்குள் கரடு காலி.

இன்னொன்று பாக்கி இருந்தது. "எல்லாரும் வாயை மூடிக்கிட்டு நிப்பீங்களா?" என்று கெங்கி கேட்டாள். நிற்போம் என்றார்கள். அவள் சும்மா பார்க்கலாம் என்று ஒரு வெள்ளாட்டைப் படல் வழியாக வெளியே விரட்டினாள். ஊரே "ந்தோ" என்றது. ராஜாதான் முதலில்.

"பாத்தீங்களா?"

"நாக்கை அறுத்துக்கவா சொல்ற?" என்றான் பெத்தணன்.

கெங்கி நகத்தைக் கடித்துக்கொண்டே நடந்தாள். அங்கே போனாள், இங்கே வந்தாள். சட்டென்று நின்றாள்.

"காலைல மேய்ச்சலுக்கு விடுறப்ப என்ன சத்தம் குடுப்போம்?"

"ஹேலேய்ய்."

"அதைக் குடுங்க. மூச்சு விடாம குடுங்க. வாய் சும்மா இருந்தாத்தான கூப்பிடும்?"

அந்தி சாய்ந்தது. நாடு மொத்தமும் ஓடைக்கரையில் கரட்டைப் பார்க்க உட்கார்ந்தது. ஒருவரை ஒருவர் கயிற்றால் கட்டிக்கொண்டார்கள், இல்லாவிட்டால் எழுந்துவிடுவார்கள். உள்ளே பிராண்டல் தாங்க முடியவில்லை. கெங்கி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

"உன் இடம் உனக்கு."

நிழல்கள் நழுவின. சாம்பல், செம்பட்டை, கறுப்பு. ராஜாவின் முதுகிலிருந்து கழுதை உயரத்துக்கு ஒன்று. கெங்கியின் முதுகிலிருந்து மெலிந்த ஒரு பெட்டை. ஓநாய்கள் ஓடையில் இறங்கின. ஊரின் நாக்கு துடித்தது.

"ஹேலேய்ய்" என்று ஆரம்பித்தாள் கெங்கி. "ஹேலேய்ய்" என்றது ஊர். அந்தி நேரத்தில் காலைச் சத்தம். தொண்டை கிழிய, கண்ணில் நீர் வர, ஹேலேய்ய், ஹேலேய்ய், ஹேலேய்ய்.

சடையனின் சாம்பல் ஓநாய் மட்டும் ஓடை நடுவில் நின்று திரும்பியது.

"பசிச்சா வருவேன்" என்றது அது.

"தெரியும். நானும் நாயோட நிப்பேன்" என்றாள் கெங்கி. சொன்ன கையோடு மறுபடி "ஹேலேய்ய்."

அது கரட்டில் ஏறியது. ஏறி மறைந்தது. மேலே எங்கிருந்தோ ஓர் ஊளை கேட்டது. ஆடுகள் மிரண்டு நெருங்கின, நாய்கள் விறைத்து நின்றன. ஆட்கள் மட்டும் அப்படியே, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கயிற்றை அவிழ்த்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. ராஜா ஈரமண்ணில் காலை நீட்டிக்கொண்டார். சடையன் தங்கச்சியின் தோளில் சாய்ந்தான். சாய்ந்ததும் குறட்டை.

என்ன வேண்டும் கேள் என்று ராஜா சொன்னபோது, கெங்கி கிடைக்கு ஒரு காவல் நாயும் வண்டி வண்டியாக இலந்தை முள்ளும் கேட்டாள். ஊருக்கே கிடைத்தது. ஊளையைக் கேட்ட மான்கள் திறந்த வயலில் நிற்கப் பயந்து, கேழ்வரகை விட்டுக் கரட்டு முள்ளுக்குள் ஓடின.

எல்லாம் சுகம் என்று முடித்துவிடலாம், ஆனால் அது பொய். மழை தொடங்கும் முன்பே ஓநாய் வந்தது. முதலில் போனது கெங்கியின் குட்டிதான், நெற்றியில் வெள்ளை விழுந்த குட்டி. அவள் அழுதாள். கரட்டைப் பார்த்துக் காது கூசத் திட்டினாள். "உன்னாலதான், நல்லா வேணும்" என்று பெத்தணன் வந்து சொல்லிவிட்டு, போகும்போது ஒரு கட்டு முள்ளை இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

படலில் ஓநாய் நுழைந்த ஓட்டையைச் சடையன் பார்த்தான். பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, முள்ளைப் பின்ன ஆரம்பித்தான்.

"அந்தக் கயித்தை எடு புள்ள."

"நீயே எந்திரிச்சு எடுத்துக்க."

"முடியாது" என்றான் சடையன். "உக்காந்திருக்கேன்ல."