மேல் இருக்கை யாருக்கு?

ஓர் உருண்டை விண்கப்பலில் இரண்டு வீராங்கனைகள் இருந்தார்கள். நீல முடிக்காரி குமுதினி பதினேழு அரக்கர்களை வென்றவள். செம்முடிக்காரி செண்பகவல்லியும் பதினேழு. அந்தச் சமக் கணக்குதான் இருவர் வயிற்றையும் எரித்தது.

ஒருநாள் குமுதினி, மெக்கானிக் அஞ்சலையைக் கூப்பிட்டாள்.

"என் இருக்கை அவளுதைவிட நாலு விரல் மேல இருக்கணும். இல்லேன்னா அடுத்த நிலாவுல உன்னை இறக்கி விட்டுடுவேன்."

அரை மணியில் அதைக் கேள்விப்பட்டு செண்பகவல்லி வந்தாள்.

"எனக்கு அஞ்சு விரல் மேல. இல்லேன்னா நானும் உன்னை அதே நிலாவுலதான் இறக்கி விடுவேன்."

எடையே இல்லாத வெளியில் மேலேது, கீழேது? அஞ்சலை நடுவில் ஒரு கண்ணாடித் தளத்தைப் பொருத்தி, அதன் இரு பக்கமும் ஒவ்வோர் இருக்கையைத் திருகினாள். இருவரும் உட்கார்ந்து குனிந்து பார்த்தார்கள்.

"பாத்தியாடி, நீ என் காலுக்குக் கீழ!"

"போடி, நீதான் என் காலுக்குக் கீழ!"

மூன்று நாள் கப்பலில் ஒரே சந்தோஷம். நாலாம் நாள் ஒரு கிரகத்தில் இறங்க வேண்டியிருந்தது. இறங்கினால் எடை வந்துவிடும். ஒருத்தி வௌவாலாகத் தொங்க வேண்டும்.

"அவளைத் தொங்க விடு!" என்று இருவரும் கத்தினார்கள்.

"என்னை எந்த நிலாவுலயும் இறக்க மாட்டோம்னு எழுதிக் கொடுங்கம்மா. யாரும் தலைகீழாத் தொங்காம நான் இறக்குறேன்."

எழுதி வாங்கிக்கொண்டு, அஞ்சலை கப்பலைப் பக்கவாட்டில் உருட்டி இறக்கினாள். இருவரும் மல்லாந்து, அணுவளவும் வித்தியாசமில்லாத ஒரே உயரத்தில் கிடந்தார்கள்.

அதைத்தான் இருவராலும் பொறுக்க முடியவில்லை.