ஏழாவது வளைவு

"எஞ்சினைக் கொன்னுட்டேனுங்க, டீச்சர்."

சகாயம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். டீச்சர் என்று அவன் கூப்பிடும் பிரமிளா அவனைவிடப் பத்து வயது இளையவள். மேட்டுப்பாளையத்தில் பந்தய வண்டிகளுக்கு எஞ்சின் கட்டுகிறவள். தொழில் கற்க வந்தவன் வயதையா பார்ப்பான்?

ஆசை யாரை விட்டது. தேயிலை பறிக்கும் பெண்களை மலைக்கு ஏற்றிப் போகும் தன் ஜீப்பில், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பந்தய கேம்ஷாஃப்டைப் போட்டுவிட்டான். வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் தண்டு அது. பைபாஸில் ஜீப் பறந்தது.

ஏழாவது கொண்டை ஊசி வளைவில், ஆட்களோடு, முக்கி முனகி நின்று பின்னால் உருண்டது. பெண்கள் அலறிக் குதித்தார்கள். இனி இந்த வண்டியில் கால் வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஏறாவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது.

பிரமிளா எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

"உயிரோடதான் இருக்குங்ணா."

அவனுக்குப் போன உயிரில் பாதி திரும்பியது.

"எங்க ஓட்டிப் பாத்தீங்க?"

"பைபாஸ்லைங்க. ரோட்ல ஈ காக்கா இல்ல."

"வண்டில யாரு இருந்தா?"

"நான் மட்டுந்தானுங்க."

அவள் எஞ்சின் மூடியைக் கழற்றினாள். ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போதும் பாரம் இழுக்க, வால்வு கொஞ்சம் முன்னதாகவே மூடிக்கொள்ளும்படி, தண்டை ஒரு மயிரிழை திருப்பி முடுக்கினாள். பைபாஸ் வேகம் போய்விடுமே என்று சகாயம் புலம்பியதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, பிரமிளா முன்சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள்.

ஏழாவது வளைவு வந்தது. சகாயம் கியரைக் குறைத்தான்.

ஜீப் திணறவில்லை, குலுங்கவில்லை. பாரம் முழுவதையும் இழுத்துக்கொண்டு நிதானமாக ஏறிவிட்டது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

ஆனாலும் பாழும் மனசு கேட்கவில்லை.

"பவர் எவ்வளவு குறைஞ்சிருக்குங்க, டீச்சர்?"

பிரமிளா உள்கண்ணாடியை அவன் பக்கம் திருப்பினாள்.

பின்னால் ஒருத்தி வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் யார் வீட்டுச் சீர்வரிசையையோ கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று அலறிக் குதித்தவர்களில் முதல் ஆள், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

சகாயத்துக்குச் சிரிப்பு வந்தது. அவள் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று அடக்கிக்கொண்டான்.